போக்கியத்திற்கு விடப்படும் வீடு

வெளிநாட்டிற்குப் பொருளீட்டச் செல்லும் நம் சகோதரர்கள் பலர், புறப்படும் முன் தம் சொந்த வீட்டைப் பிறருக்கு விட்டுச் செல்கின்றனர். மனைவி மக்கள் தாய்வீட்டில் தங்கிக்கொள்வர். வீடு பூட்டிக் கிடந்து கரையான் அரிப்பதைவிட ஒரு குடும்பம் அதில் குடியிருந்து விளக்கேற்றுவது மேல் என்பது அவர்கள் எண்ணம். எண்ணம் நல்லதே. வீட்டைக் குடிக்கூலிக்கு விடுவதை ஷரீஅத் அனுமதித்திருக்கிறது. ஃபிக்ஹு நூல்களில் 'இஜாரா' என்று அதற்குத் தனிப்பாடமே உண்டு. ஆனால் நம்மவர்களின் வீடு உண்மையிலேயே வாடகைக்குத்தான் விடப்படுகிறதா, அல்லது வாடகை என்ற பெயரில் வேறொன்று நடைபெறுகிறதா என்பதையே இங்கு ஆராய விரும்புகிறோம்.

வடலூரை எடுத்துக்கொள்வோம். வடலூர் என்றதும் வெளியூராருக்கு வள்ளலாரின் சத்திய ஞான சபையும், 1867 முதல் அணையாமல் எரியும் தருமசாலை அடுப்பும் நினைவுக்கு வரும். உள்ளூராருக்கோ வாடகை வீட்டுத் தட்டுப்பாடுதான் நினைவுக்கு வரும்! பக்கத்தில் நெய்வேலி நிலக்கரிச் சுரங்கம். அங்கு வேலைக்கு வந்தவர்களில் நகரியத்துக்குள் வீடு கிடைக்காதவர்கள் சுற்றுப்புற ஊர்களில் குடியிருக்கின்றனர். சிதம்பரத்திலோ 1929-இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நம்பி வீடு தேடுவோர் பலர். இப்பக்கத்து ஊர்களிலிருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூர், மலேசியாவுக்கும் சென்றவர்கள் கட்டிய வீடுகளுக்கு ஆள் கிடைப்பது கடினமன்று. ஆகவே தரகர் தேவைப்படுவதில்லை. மைத்துனர் ஒருவரைக் காட்டுவார், பேச்சு முடிந்துவிடும்.

அந்தப் பேச்சு எப்படி முடிகிறது என்பதே நம் கவலை. விசாவுக்கும் விமானச் சீட்டுக்கும் பழைய கடனை அடைக்கவும் புறப்படுகிறவருக்கு மொத்தமாகப் பணம் வேண்டும். மாதம் ஆறாயிரம் வாடகை வந்து அவருக்கு என்ன ஆகப் போகிறது? எனவே, "ஐந்து லட்சம் கொடுங்கள், மூன்று வருடம் இருந்துகொள்ளுங்கள், வாடகை வேண்டாம். காலி செய்யும்போது ஐந்து லட்சத்தையும் அப்படியே வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிறார். இதற்கு நம் பக்கத்தில் போக்கியம் என்று பெயர். தெற்கே ஒத்தி என்பார்கள். பட்டணத்தில் லீஸ் என்று சொல்லிச் சற்று மரியாதை கூட்டியிருக்கிறார்கள். பெயர் எதுவானாலும் சரக்கு ஒன்றுதான்.

வட்டி என்ற சொல்லே இதில் யார் வாயிலும் வருவதில்லை. வங்கி வட்டியைக் கையால் தொடாத பேணுதலுள்ள மனிதர்கள்கூடப் போக்கியத்தைத் தயக்கமின்றிப் பேசி முடிக்கின்றனர். ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அந்த வீட்டின் நியாயமான வாடகை மாதம் 6,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 72,000. ஐந்து லட்சம் கொடுத்தவர் தம் முதலுக்குக் குறைவு வராமல் ஆண்டுதோறும் 72,000 ரூபாய் பெறுமானமுள்ள பயனை அனுபவிக்கிறார். நூற்றுக்கு 14.4 வீதம்! ரொக்கமாகக் கேட்டிருந்தால் நம் சகோதரர், "அஸ்தஃபிருல்லாஹ்" என்று எழுந்து போயிருப்பார். அது நாலு சுவரும் கூரையுமாக வருவதால் வட்டி என்று தெரியவில்லை.

போக்கியப் பணம் விலையன்று, வாடகையுமன்று. திருப்பித் தரவேண்டிய தொகையாதலால் அது கடன். வீடு அக்கடனுக்கு அடைமானம், அதாவது ரஹ்னு. கடன் கொடுத்தவர் அக்கடனின் பேரால் நிபந்தனையிட்டுப் பெறும் எந்தப் பயனும் வட்டியே என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. (இக்கருத்தில் அறிவிக்கப்படும் ஹதீஸின் தொடர் பலவீனமானது என்பதை அறிவோம். சட்டம் அந்த ஒரு தொடரை மட்டும் நம்பி நிற்கவில்லை.) அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) அவர்கள், வட்டி மலிந்த நாட்டில் வாழ்ந்த அபூ புர்தா (ரஹ்) அவர்களுக்குக் கூறிய அறிவுரை புகாரியில் பதிவாகியுள்ளது. கடன்பட்டவர் ஒரு சுமை வைக்கோலை அன்பளிப்பாகத் தந்தாலும் வாங்கவேண்டாம், அது வட்டி என எச்சரித்தார்கள். வைக்கோலுக்கே அப்படியென்றால் கிணறும் மாடியும் உள்ள வீட்டுக்கு என்ன சொல்வது?

"உரிமையாளர் மனமுவந்து இருக்கச் சொல்லுகிறாரே! அடைமானம் வைத்தவர் அனுமதித்தால் அனுபவிக்கலாம் என்று ஹனஃபி நூல்களில் இருக்கிறதே!" என்று சிலர் கேட்கின்றனர். இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஹிஜ்ரி 1252-இல் மறைந்த அல்லாமா இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்கள் தமது ரத்துல் முஹ்தாரில் இவ்விடத்தில் நின்று நிதானமாகப் பேசுகிறார்கள். மக்கள் பணம் கொடுப்பதே அடைமானத்தை அனுபவிக்கத்தான், அது இல்லையென்றால் கொடுக்கவே மாட்டார்கள், வழக்கத்தில் ஊன்றிவிட்டது வாயால் இட்ட நிபந்தனைக்குச் சமம், ஆகவே அது தடுக்கப்பட்டதாகிறது என்பது அவர்கள் கூறுவதன் கருத்து. வடலூரில் வாடகையும் இல்லை, வீடும் இல்லை என்ற பேச்சுக்கு எவராவது ஐந்து லட்சத்தைத் தூக்கிக் கொடுப்பாரா? அந்த ஒரு கேள்வியிலேயே விடை இருக்கிறது. கடற்கரை ஊர்களில் உள்ள ஷாஃபிஈ சகோதரர்களுக்கும் இதில் வேறு வழி இல்லை. பயனை நிபந்தனையாக்கிய கடன் ஒப்பந்தமே அவர்கள் மத்ஹபில் செல்லாது.

இதை வியாபாரம்போல மாற்றிச் சொல்லும் வழியும் பழையதே. வீட்டை விற்றதாகச் சொல்லி, பணத்தைத் திருப்பித் தரும்போது வீட்டைத் திருப்பவேண்டும் என்று பேசிக்கொள்வது புகாரா, பல்கு பகுதிகளில் 'பைஉல் வஃபா' என வழங்கியது. ஹளரமவ்த்தில் 'உஹ்தா' என்றார்கள். மக்களின் நெருக்கடி கருதி அதற்கு இடமளித்த உலமாக்கள் உண்டு. உதுமானியப் பேரரசின் மஜல்லாச் சட்டத் தொகுப்பிலும் அது இடம்பெற்றது. ஆயினும் ஜித்தாவிலுள்ள சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி 1992-ஆம் ஆண்டுக் கூட்டத்தில் அதை ஆராய்ந்து, உண்மையில் அது பயன் தரும் கடனே, கூடாது என்று முடிவு செய்தது. நம் ஊர்ப் போக்கியத்திற்கு விற்பனை என்ற போர்வைகூடக் கிடையாது.

"இருவருக்கும் திருப்தி, எவருக்கு நஷ்டம்?" என்ற வாதமும் வருகிறது. திருப்தி வட்டியை ஹலாலாக்காது என்பது ஒருபுறமிருக்க, நஷ்டம் எவருக்கு என்று பார்ப்போம். போக்கியப் பணம் விசாவில் கரைந்துவிட்டது. மூன்றாண்டில் ஐந்து லட்சத்தைத் தனியே சேர்த்து வைத்தவர் எத்தனை பேர்? தவணை வந்ததும் இன்னொருவரிடம் ஏழு லட்சத்துக்குப் போக்கியம் பேசி, முதலாமவருக்கு ஐந்தைக் கொடுக்கிறார். கடன் வளர்கிறது, வீட்டின் வருமானமோ பூஜ்யம். இந்நிலையில் வெளிநாட்டிலேயே மவுத்து நேர்ந்துவிட்டால்? மைத்துனரிடம் எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரம் அன்றோடு முடிந்தது. வகாலத் மரணத்தால் முறிந்துவிடும் என்பது ஃபிக்ஹு. இந்திய ஒப்பந்தச் சட்டமும் அப்படியே சொல்கிறது. பாகப்பிரிவினைக்கு முன் கடன் அடைபட வேண்டும். இத்தாவில் இருக்கும் பெண்ணும் யதீம் பிள்ளைகளும் ஏழு லட்சம் தேடினாலன்றித் தங்கள் வீட்டுக்குள் நுழைய முடியாது.

குடியேறியவர் நிலையும் பத்திரமானதன்று. நூறு ரூபாய்க்கு மேற்பட்ட இத்தகைய அடைமானம் பதிவு செய்யப்படவேண்டும் என்று 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம் கூறுகிறது. நடப்பதோ வெறும் முத்திரைத் தாளில் இரண்டு கையெழுத்து! உரிமையாளர் வீட்டை வேறொருவருக்கு விற்றுவிட்டாலோ, வங்கி ஜப்தி செய்தாலோ, அந்தத் தாளை வைத்துக்கொண்டு அவர் வழக்கு மன்றத்துக்கு நடக்க வேண்டியதுதான். தென் கொரியாவில் இதுபோலவே மொத்தத் தொகை கொடுத்து வாடகையின்றிக் குடியிருக்கும் 'ஜொன்சே' முறை பெருவழக்காக உள்ளது. 2022-லும் 2023-லும் பல்லாயிரம் பேர் கொடுத்த தொகையைத் திரும்பப் பெற முடியாமல் தவிக்க, 2023-இல் அந்நாடு பாதிக்கப்பட்டோருக்கெனத் தனிச்சட்டமே இயற்ற நேர்ந்தது. இன்னொன்று: போக்கியமாகக் கொடுத்த ஐந்து லட்சம் கொடுத்தவரின் பொருளே. அதற்கு ஆண்டு ஜகாத் 12,500 ரூபாய். அதைக் கணக்கில் சேர்ப்பவர் அரிது.

அப்படியானால் மொத்தப் பணம் வேண்டியவருக்கு வழியே இல்லையா? இருக்கிறது. மூன்றாண்டு வாடகை 2,16,000 ரூபாயை முன்கூட்டியே ஒரே தொகையாகப் பெறலாம். முன்பணமாகத் தருவதற்காகச் சற்றுக் குறைத்து 2,00,000 என்று பேசினாலும் குற்றமில்லை. அது வாடகைதான், கடனன்று. அந்தப் பணம் உரிமையாளரின் சொந்தப் பணம், தவணை முடிவில் திருப்பவேண்டியதில்லை. இடையில் வீடு இடிந்துபோனால் எஞ்சிய மாதங்களுக்குரியதை மட்டும் திருப்ப வேண்டும். ஐந்து லட்சம் கிடைக்காதுதான். ஆனால் இரண்டு லட்சத்துக்குத் தக்கபடி பயணத்தைத் திட்டமிடுகிறவர் ஏழு லட்சக் கடனோடு திரும்பி வரமாட்டார்.

அட்வான்ஸ் வாங்குவதை நாம் தடுக்கவில்லை. வேறு உடன்பாடு இல்லாவிடில் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கலாகாது என்று 2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் அளவு வைத்திருக்கிறது. நல்ல அளவு. அட்வான்ஸை ஊதிப் பெருக்கி வாடகையை நூறு ரூபாயாகச் சுருக்குவது போக்கியத்தின் மாறுவேடமே. காலத்தையும் தெளிவாகக் குறிக்க வேண்டும். மூஸா (அலை) அவர்களின் உழைப்பு ஒப்பந்தத்திலேயே எட்டு ஆண்டு என்று எல்லை பேசப்பட்டது. "நான் ஊர் வரும்வரை இருங்கள்" என்பது எல்லையாகாது. கூரை ஒழுகினால் பார்ப்பது உரிமையாளர் பொறுப்பு. அதற்கென மைத்துனரிடம் சிறு தொகை கொடுத்துவைக்கட்டும். வெளிநாட்டில் இருப்பதை மறைக்கவும் கூடாது. அப்படிப்பட்டவருக்கு வாடகை கொடுப்பவர் வருமான வரி பிடித்துக் கட்டவேண்டும் என்று சட்டம் இருப்பதால், மறைத்தால் சிக்குபவர் குடியிருப்பவரே.

ஏற்கெனவே போக்கியம் பேசி முடித்தவர்கள், "இப்போது என்ன செய்வது? பணத்தைத் திருப்ப வழியில்லையே!" என்று கேட்பார்கள். வீட்டை உடனே காலி செய்யவேண்டும் என்பதில்லை. அக்கம்பக்கத்து வாடகை தெரிந்த இருவரைக் கேட்டு நியாயமான வாடகையை முடிவு செய்யட்டும். கடனுக்காக அதைக் குறைக்கக் கூடாது. இனிமேல் மாதந்தோறும் அத்தொகை கடனில் கழியட்டும். 6,000 வாடகை என்றால் ஓராண்டில் 72,000 கழிந்து 4,28,000 மிஞ்சும். சென்றுபோன மாதங்களையும் இப்படியே கழித்துவிடக் குடியிருப்பவர் முன்வந்தால் அது பேணுதல். இதனைப் பழைய தாளின் பின்புறத்திலாவது எழுதி, இரு சாட்சிகள் கையொப்பமிட்டு, ஒரு நகலைத் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருப்பவருக்கு அனுப்பி, இன்னொன்றை அவர் மனைவியிடம் கொடுத்து வைக்க வேண்டும்.