தவக்காலத்துக்குப் பின்

தவக்காலம் முழுவதும் மதுவைத் தொடாதிருந்து, ஈஸ்டர் கழிந்த மறுவாரமே, முதல் ஷிப்ட் முடிந்து வடக்குப்பட்டில் கம்பெனி பஸ்ஸை விட்டிறங்கி, அடையாள அட்டையைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு டாஸ்மாக் பக்கம் நடக்கிற தொழிலாளியை அவிசுவாசி என்று தீர்ப்பிடுவதற்கு நான் உடன்படேன். நன்மையை விரும்பியும் தீமையையே செய்கிற நிர்ப்பந்தத்தை ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 7ஆம் அதிகாரத்தில் புலம்பியவர் பவுல் அப்போஸ்தலரே அன்றோ? (அது மனமாற்றத்துக்கு முந்திய நிலை என்று வாதிடுவோரும் உண்டு; எனக்கு அது திருப்தியளிக்கவில்லை.) எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1894இல் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகத்துக்கு மூலமான ஜான் பனியனின் கதையில், கதைநாயகன் கிறிஸ்தியானுடைய பாவச்சுமை சிலுவையடியில் ஆரம்பத்திலேயே விழுந்துவிடுகிறது. ஆயினும் பிற்பாடு மலையேறுகையில் அயர்ந்து உறங்கி, பரம நகரின் வாசலில் காட்டவேண்டிய தன் சுருளைத் தவறவிட்டு, வந்த வழியே திரும்பி நடந்து அழுதுகொண்டே தேடுகிறான். குடியை விட்டவனை மேடையேற்றிச் சாட்சி சொல்லவைக்கும் நம் சபைகள், மறுபடி விழுந்தவன் கூசிக் கூசிக் கடைசி வரிசையில் வந்து உட்காரும் ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன ஆயத்தம் செய்திருக்கின்றன?