சொல்லாது விடுதலும் பொய்யோ?

பொய் என்பது யாது? இல்லாததை உண்டென்று கூறுதல் பொய் என்பதைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். ஆனால், எதிரில் இருப்பவர் ஒன்றைத் தவறாக எண்ணிக்கொண்டிருக்க, அதனை அறிந்தும் வாய் திறவாதிருத்தல் பொய்யாகுமா? சென்ற தை மாதம் இவ்வினா நம் இல்லத்தில் எழுந்தது. அதனை எழுப்பியது ஒரு மோதிரம்.

நம் பேரனுக்குத் திருமணம் முடிவாயிற்று. நம் இளமையில் நிச்சயதார்த்தம் என்றால் வெற்றிலை பாக்கும் தேங்காய் பழமும் மாற்றிக்கொள்வதே. இன்றோ மணமக்கள் மோதிரம் மாற்றிக்கொள்வது நம் குடும்பங்களிலும் வழக்கமாகிவிட்டது. அதிலும் மணமகளுக்கு வைர மோதிரமே வேண்டும் என்கின்றனர். இவ்வழக்கம் மேனாட்டில் இத்துணைப் பெரிதாகப் பரவியதற்கும் ஒரு காரணம் உண்டு. 1930களின் பொருளாதார மந்தத்தில் வைர விற்பனை தளர்ந்தது. டி பீர்ஸ் நிறுவனம் 1938இல் அமெரிக்க விளம்பர நிறுவனம் ஒன்றை அமர்த்தியது. வைரம் என்றும் அழியாதது என்னும் பொருள்பட்ட புகழ்பெற்ற விளம்பரத் தொடர் 1947இல் பிறந்தது. தொன்றுதொட்ட மரபென நாம் கருதுவனவற்றுள் சில, விளம்பரம் வளர்த்த பிள்ளைகளே.

பேரன் கடைக்கு நம்மையும் உடன் அழைத்துச் சென்றான். புறப்படுமுன், "இத்தனை ரூபாய்க்கு மேல் இல்லை என்று வீட்டிலேயே வரையறுத்துக்கொள்" என்றோம். இல்லறத்தார்க்குப் பொருள் வரைதல் என்னும் விரதத்தை நம் முன்னோர் விதித்தது துறவியைப் போல் வாழ்வதற்கன்று. ஆசைக்கு முன்னரே வேலி இடுவதற்கே. கடைக்குள் நுழைந்தபின் இடும் வேலி நிற்பதில்லை.

வைரத்தை எடை, நிறம், தூய்மை, பட்டை என நான்கு வகையால் மதிப்பிடுவர் என்று விற்பனையாளர் விளக்கினார். ஒரு கேரட் என்பது 200 மில்லிகிராம். ஒளி வீசுவதற்குப் பெரிதும் காரணம் எடையன்று, பட்டை தீட்டிய திறமே என்பதை வாங்குவோர் நினைவில் கொள்ளுதல் நன்று. கல்லின் குற்றம் ஆய்தல் நமக்குப் புதிதன்று. மதுரை மாநகரின் மணிக்கடை வீதியைக் காட்டும் இளங்கோவடிகள், வைரத்தில் இருத்தலாகாத குற்றங்களைப் பெயர் சொல்லியே குறித்துள்ளார்.

பின்னர் விற்பனையாளர் இரண்டு மோதிரங்களை எடுத்து வைத்தார். நம் கண்ணுக்கு வேற்றுமை தெரியவில்லை. ஒன்று சுரங்க வைரம். மற்றது ஆய்வகத்தில் வளர்த்த வைரம். பின்னதன் விலை முன்னதில் ஐந்தில் ஒரு பங்கு கூட இல்லை.

ஆய்வக வைரம் கண்ணாடிக் கல்லன்று. 'அமெரிக்கன் வைரம்' என விற்கப்படும் சிர்க்கோனியாவும் அன்று. அது தூய கரியின் படிகம்; கடினத்திலும் ஒளியிலும் சுரங்க வைரத்திற்கு நிகரானது. அமெரிக்காவில் 1954இல் இதனை முதன்முதல் நம்பத்தகுந்த முறையில் ஆக்கிக் காட்டினர். மிகு அழுத்தமும் மிகு வெப்பமும் தந்து ஆக்குவது ஒரு முறை. வாயுவிலுள்ள கரியைச் சிறு வைரத் துண்டின்மேல் படலம் படலமாகப் படியச் செய்வது மற்றொரு முறை. வெப்பக் கடத்தலைக் கொண்டு சோதிக்கும் கையடக்கக் கருவியும் இதனை வைரம் என்றே காட்டும். சுரங்கக் கல்லா, ஆய்வகக் கல்லா என்று பிரித்தறியத் தனிக் கருவிகள் வேண்டும்.

பேரன் ஆய்வக வைரத்தையே விரும்பினான். விலை மட்டும் காரணமன்று. சியரா லியோன் நாட்டில் 1991 முதல் 2002 வரை நடந்த உள்நாட்டுப் போருக்கு வைரம் பணம் ஈட்டித் தந்ததை அவன் படித்திருந்தான். அத்தகைய கற்களைத் தடுக்கவே 2003இல் கிம்பர்லி சான்றளிப்பு முறை நடைமுறைக்கு வந்தது. எனினும், அரசுகளை எதிர்த்துப் போரிடும் கிளர்ச்சிப் படைகளுக்குப் பணமாகும் கற்களையே அது கருதுகிறது. சுரங்கத் தொழிலாளியின் கூலியும் அவன் படும் துன்பமும் அதன் எல்லைக்குள் வருவதில்லை.

ஆயினும் ஆய்வகக் கல்லும் மாசற்றதென்று மார் தட்டுதல் தகாது. அதனை ஆக்க மின்சாரம் மிகுதியும் வேண்டும்; அம்மின்சாரம் நிலக்கரியில் பிறந்ததாயின் புகையும் உடன் பிறக்கும். எக்கல்லாயினும் பட்டை தீட்டும் தொழிலாளர் உண்டு. 2008இல் உலகச் சந்தை சரிந்தபோது சூரத் நகரில் அவர்களுள் பலர் வேலையிழந்தனர். குறைந்த தீங்கைத் தேடலாம். தீங்கே இல்லாத ஆடம்பரத்தைக் காண்பது அரிது.

வீடு திரும்பியதும் மருமகள் மெல்லக் கூறினாள்: "அத்தை, பெண் வீட்டாரிடம் இது ஆய்வகக் கல் என்று சொல்ல வேண்டாம். இதுவும் வைரம்தானே? நாம் பொய் ஒன்றும் சொல்லவில்லையே. அவர்கள் கேட்டால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்."

அவள் கூற்றில் நியாயம் இல்லாமலில்லை. வைரம் என்னும் சொல் பொய்யன்று. ஆனால், நாம் ஆசிரியப் பயிற்சி பெற்ற நாளில் கற்ற பாடம் ஒன்று உண்டு. "நீ என்ன சொன்னாய் என்று பாராதே; பிள்ளை என்ன புரிந்துகொண்டது என்று பார்" என்பதே அது. சொல் சரியாக இருந்தும் பிள்ளை தவறாகப் புரிந்துகொண்டிருப்பின், திருத்துவது ஆசிரியர் கடமை. அத்தவற்றால் நமக்கு ஊதியமும் உண்டெனில் கடமை இரட்டிப்பாகிறது. பெண் வீட்டார் சுரங்க வைரம் என எண்ணுவர் என்பதை நாம் அறிவோம். அவ்வெண்ணத்தால் வரும் மதிப்பையும் ஏற்கப் போகிறோம். பின்னர், நாம் ஒன்றும் சொல்லவில்லையே என்பது எங்ஙனம் பொருந்தும்?

அன்று மருமகளிடம், யாரிடமும் கூறாத ஒன்றைக் கூறினோம். 1972இல் நம் திருமணத்தின்போது மாமியார் நமக்கு ஏழுகல் தோடு அணிவித்தார். வைரத்தோடு என்றே ஊர் பேசியது, அவரும் மறுக்கவில்லை. 1991இல் மகனின் கல்லூரிச் செலவுக்காக அதனை விற்கச் சென்றோம். கடைக்காரர் கண்ணாடியில் நெடுநேரம் பார்த்துவிட்டு, "அம்மா, இவை வெள்ளைக்கற்கள்" என்றார். வீடு திரும்பி, "விற்க மனம் வரவில்லை" என்றோம். மாமியார் நம் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலை கவிழ்ந்தார். நாம் அறிந்துவிட்டோம் என்பதை அவரும் அறிந்தார். அவர் மறையும் வரை அதுபற்றி ஒரு சொல்லும் எழவில்லை.

கல்லின் விலை போனது நமக்குத் துயரமன்று. விளைச்சல் பொய்த்த ஆண்டில் கொடுத்த வாக்கைக் காக்க அவர் பட்ட பாடு பின்னர் விளங்கியது. பத்தொன்பது ஆண்டுகள் ஒரே அடுக்களையில் நின்ற இருவரிடையே அச்சொல்லாத சொல் ஒரு சுவராக நின்றதே, அதுவே துயரம். முன்னரே சொல்லியிருந்தால் வெள்ளைக்கல் தோட்டையும் மனமுவந்து அணிந்திருப்போம். 1991க்குப் பின் வாய் மூடியிருந்த நாமும் அச்சுவருக்கு ஒரு செங்கல் வைத்தவரே.

மருமகள் சற்று நேரம் பேசவில்லை. பின், "நீங்களே சொல்லிவிடுங்கள், அத்தை" என்றாள். "கொடுப்பவன் சொல்லட்டும்" என்றோம்.

பேரன் மறுநாளே சான்றிதழை எடுத்துச் சென்று பெண்ணிடம் காட்டினான். அவள் அதனைப் படித்துவிட்டு, "மிச்சப் பணத்தை என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்டாளாம். அவள் தாயாருக்கோ முகம் வாடியது. உறவினர் முன் எப்படிச் சொல்வது என்று வருந்தினார். அவ்வருத்தம் இன்னும் முழுதும் நீங்கவில்லை. வாய்மைக்கும் விலை உண்டு. அதனை மறைத்தல் ஆகாது. 2023இல் இந்தியப் பிரதமர் அன்றைய அமெரிக்க அதிபரின் துணைவியார்க்கு 7.5 கேரட் ஆய்வக வைரத்தை, இன்னதென்று அறிவித்தே பரிசளித்தார் என்பதை எடுத்துக் கூறினோம். சற்றே ஆறுதலடைந்தார்.

ஆதலின் மோதிரம் வாங்கப் புகும் குடும்பத்தார்க்கு நாம் கூற விழைவது இது. முதலில் பொருளை வரையறுங்கள். சான்றிதழைக் கேட்டுப் பெற்று, கல் எங்ஙனம் தோன்றியது என அதில் குறித்துள்ளதா எனப் பாருங்கள். விற்கப்போனால் வாங்கிய விலை கிடைத்தல் அரிது என்பதை அறிந்தே வாங்குங்கள். சுரங்கக் கல்லாயினும் ஆய்வகக் கல்லாயினும் கல்லே இல்லாத பொன் வளையமாயினும், இன்னதென்று சொல்லிக் கொடுங்கள். கல்லின் குற்றத்தைக் கண்ணாடி காட்டிவிடும். நெஞ்சில் ஒளித்ததைக் காட்டும் கண்ணாடி எக்கடையிலும் இல்லை. அதனைக் கொடுப்பவரே காட்டுதல் வேண்டும்.