பச்சிலையும் பொறுப்பும்

“பச்சிலைதானே! குணம் தராவிட்டாலும் கெடுதல் செய்யாது.” இந்தச் சொல்லைக் கேளாத வீடு நம்மில் உண்டா? எந்த நோயையும் அதற்குரிய மருந்தின்றி அல்லாஹ் இறக்கவில்லை என்பது நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்த உண்மை. ஆனால் முளைத்ததெல்லாம் மருந்து என்று அவர்கள் அறிவிக்கவில்லை. மருத்துவம் அறியாதவர் மருத்துவம் பார்த்துத் தீங்கு விளைந்தால் அவரே பொறுப்பாளி என்றும் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள். அப்படியானால், ஒரு செடியின் சாறு தீங்கற்றது என்பதை நாம் ‘அறிந்தவர்’ ஆவது எப்போது?

பெல்ஜியத்தின் தலைநகர் பிரஸ்ஸல்ஸில் நடந்ததைப் பாருங்கள். உடல் மெலிவதற்காக ஒரு சிகிச்சை நிலையத்தில் 1990 முதல் சீன மூலிகைப் பொடி சேர்ந்த மருந்து கொடுக்கப்பட்டது. உண்டவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஒருவர் பின் ஒருவராக அவர்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. 1993-ல் மருத்துவர்கள் இதை உலகுக்கு அறிவித்தனர். பிறகு எண்ணிக்கை நூறைத் தாண்டியது. பெயர் ஒற்றுமையால் ஒரு மூலிகைக்குப் பதிலாக ஆரிஸ்டோலோக்கியா இனத்துச் செடி கலந்துவிட்டதே காரணம். நம் ஊர் ஆடுதீண்டாப்பாளையும் அதே இனந்தான். கண்டதை மேயும் ஆடுகூடத் தீண்டாது என்று நம் முன்னோர் பெயரிலேயே சொல்லி வைத்தார்கள்! 2000-ல் வெளிவந்த ஆய்வின்படி, பழுதான சிறுநீரகங்களை முன்னெச்சரிக்கையாக அகற்றிக்கொண்ட 39 பேரில் 18 பேருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் இருந்தது.

நாம் விழுங்குவது குடலிலிருந்து முதலில் கல்லீரலுக்குப் போகிறது. சிறுநீரகங்களோ நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. இவ்விரண்டும் பொறுமைசாலிகள்; பெரும்பகுதி பழுதான பின்பே முறையிடும். ஆகவே, “பாட்டி காலத்திலிருந்து கொடுக்கிறோம், ஒன்றும் ஆகவில்லை” என்பது போதிய சாட்சியாகாது. உடனே வாந்தியெடுக்க வைக்கும் நஞ்சை அனுபவம் காட்டிக் கொடுக்கும். ஆண்டுகள் கழித்துக் கொல்லும் நஞ்சைக் காட்டாது. மேலும், பாட்டி கொடுத்தது ஒரு பிடி இலையின் கஷாயம். இன்று புட்டியில் வருவதோ பல பிடி இலையின் சத்தை இறுக்கிய சாறு.

ஆகவேதான் சோதனை. எலிகளைச் சில கூட்டங்களாகப் பிரித்து, ஒரு கூட்டத்திற்கு மருந்தின்றியும், மற்றவற்றுக்குக் குறைந்த, நடுத்தர, அதிக அளவுகளிலும் 28 நாளோ 90 நாளோ கொடுக்கிறார்கள். இரத்தத்தில் கல்லீரல் நொதிகள், யூரியா, கிரியாட்டினின் ஏறியுள்ளனவா என்று பார்க்கிறார்கள். முடிவில் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்கிறார்கள்.

“இது தவக்குலுக்கு மாறில்லையா?” என்று சிலர் கேட்கலாம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டும்படி போதித்தவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். சோதிப்பது கட்டுவதாகும், ஷிஃபாவை எதிர்பார்ப்பது பொறுப்புச் சாட்டுவதாகும். இப்னு ஸீனா தமது ‘கானூன்’ நூலில் மருந்தைச் சோதிப்பதற்கே விதிகள் வகுத்தார். விலங்கிடம் கண்டது மனிதனுக்கு அப்படியே பொருந்தாமல் போகலாம் என்றும் எச்சரித்தார்.

இன்னொரு கேள்வி இதைவிடக் கடினமானது. அந்த எலிகளின் உயிர்? ஒரு பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகவிட்ட பெண் நரகம் புகுந்தாள் என்று கேட்ட சமுதாயம் நாம். தேவையின்றி ஓர் உயிரையும் வதைக்க நமக்கு உரிமையில்லை. மனித உயிரைக் காக்க வேறு வழியில்லாதபோது, தேவையான எண்ணிக்கைக்கு மேல் போகாமல், நோவைக் குறைத்துச் செய்வதே நியாயம் என்று என் மனம் சொல்கிறது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஆரிஸ்டோலோக்கியாவின் அமிலம் எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்குகிறது என்று 1982-லேயே ஆய்வு வெளிவந்துவிட்டது. அதற்கு எட்டு ஆண்டுகளுக்குப் பிறகுதான் பிரஸ்ஸல்ஸில் அந்த மருந்து கொடுக்கப்பட்டது! எலிகள் உயிரைக் கொடுத்துச் சாட்சி சொல்லியிருந்தன. பொடியைக் கலந்தவர்கள் தங்கள் கையிலிருப்பது எந்தச் செடி என்றுகூடப் பார்க்கவில்லை. சோதித்ததைவிட, சோதித்தறிந்ததைப் புறக்கணித்ததே அந்த உயிர்களுக்குச் செய்த பெரிய அநியாயம்.

எனவே, சகோதர சகோதரிகளே! அண்டை வீட்டாருக்கு ஒரு புட்டியைக் கொடுக்குமுன் கேளுங்கள்: இது எந்தச் செடி? யார் சோதித்தார்கள்? எத்தனை நாள் உண்ணலாம்? விடை தெரியாவிட்டால் கொடுக்காதிருப்பதே அன்பு. நாம் உண்டு வரும் மூலிகையை டாக்டரிடம் மறைப்பதும் வேண்டாம். உடல் அல்லாஹ் தந்த அமானிதம். பிறர் உடலோ அதனினும் கனத்த அமானிதம். அதைப் பேணும் தவ்ஃபீக்கை வல்ல நாயன் நமக்குத் தருவானாக! ஆமீன்.