நம்பிக்கையும் நிர்ப்பந்தமும்

சென்ற மாதம் பென்னாகரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் என் முறைக்காகக் காத்திருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பெண். அரசுப் பணித் தேர்வுக்கு விண்ணப்பிக்க வந்திருந்தாள். அவள் கைப்பேசியில் இருந்த புகைப்படம் 4 எம்பி. விண்ணப்பமோ 50 கேபிக்கு மேல் ஏற்காதாம்.

"வாட்ஸப்புல அனுப்பும்மா, சின்னதாக்கித் தரேன்" என்றான் கடைப் பையன். புகைப்படம், கையெழுத்து, சாதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் அனுப்பினாள். வேலை முடிந்தது, பணம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். அவள் முகம் மட்டும் போகவில்லை. முன்பு வந்து போன எத்தனையோ முகங்களுக்கு நடுவே, திரையில் ஒரு சிறு கட்டமாகத் தங்கிவிட்டது.

பையன் நல்லவன், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவன் நல்லவனாக இருந்தால்தான் தனக்குக் க்ஷேமம் என்ற நிலையில் அவள் நின்றாளே, அது நியாயமா?

ஒரு காலத்தில் எழுத்தறியாத தாய்மார்களுக்குத் தபால்காரர்தான் கடிதம் படித்துச் சொன்னார். ஊரின் கண்ணீரெல்லாம் அவருக்குத் தெரியும். அதை வெளியே சொல்லாத தபால்காரரைக் கும்பிடலாம். அதற்காக அந்தத் தாய்மார்கள் எழுத்தறியாமலே இருந்திருக்கலாம் என்போமா?

படத்தைச் சுருக்குவதும் இன்றைக்கு ஓர் எழுத்தறிவுதான். அதற்காகப் படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. நம் கைப்பேசியில் உள்ள பிரவுசரே செய்துவிடும். நீளத்தையும் அகலத்தையும் பாதியாக்கினால் புள்ளிகள் கால்வாசியாகிவிடும். பிறகு ஜேபெக் முறை, கண் எளிதில் கவனிக்காத நுட்பங்களைக் களைந்துவிடும். 2018இல் கூகுள் வெளியிட்ட ஸ்குவூஷ் இப்படிப்பட்டதுதான். பக்கம் முழுதும் திறந்த பிறகு இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டே சுருக்கிப் பார்க்கலாம். "உங்கள் படத்தைப் பார்க்கமாட்டோம்" என்று அங்கே யாரும் சத்தியம் செய்ய வேண்டியதில்லை. படம்தான் கையை விட்டுப் போகவே இல்லையே!

'இப்படி எல்லாரையும் சந்தேகித்தால் மனித உறவு என்னாவது?' என்று சிலர் கேட்கலாம். நம்பிக்கை பெரிய செல்வம்தான். அதனாலேயே அதை மனம் விரும்பிக் கொடுக்க வேண்டும். வேறு வழியின்றிக் கொடுப்பதற்குப் பெயர் நம்பிக்கையல்ல, நிர்ப்பந்தம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். டில்லியில் சொன்ன அந்தத் தீர்ப்பு, பென்னாகரத்துப் பெண்ணுக்கு இந்தச் சின்ன வித்தையின் வழியாகத்தான் வந்து சேர முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது.

என் முறை வந்தது. "முதலில் அந்தப் பெண்ணின் படத்தை அழித்துவிடு, தம்பி" என்றேன்.

"எந்தப் பொண்ணு சார்?" என்று கேட்டான். அவனுக்கு மறந்தே போய்விட்டது. நான் அடையாளம் காட்டிய பிறகு அழித்தான்.

மற்ற முகங்கள் அப்படியே இருந்தன.