மானியமும் ஓர் அமானிதமே

 



வீட்டு மாடியில் சூரிய மின்தகடு அமைத்தால் அரசு மானியம் தருகிறதே, அதை வாங்கலாமா, அதற்கென வங்கி கொடுக்கும் கடனை எடுக்கலாமா என்று நம் மஹல்லாக்களில் பலர் கேட்கிறார்கள். இவை இரண்டும் வெவ்வேறு கேள்விகள். இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்வதால்தான் ஒரு சாரார் ஹலாலான உதவியையும் வேண்டாம் என்று ஒதுக்குகின்றனர். மற்றொரு சாரார் ஹராமான கடனையும் கூசாமல் எடுத்து விடுகின்றனர்.

முதலில் திட்டம் என்னவென்று பார்ப்போம். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு அறிவித்த சூரிய வீடு திட்டத்தின் இலக்கு 1 கோடி வீடுகள். 2026-27 நிதியாண்டு வரைக்கும் 75,021 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. முதல் 2 கிலோவாட்டுக்கு, கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாய். மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய். எவ்வளவு பெரிதாக அமைத்தாலும் வீட்டுக்கு 78,000 ரூபாய்க்கு மேல் இல்லை. அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கங்களுக்குப் பொது விளக்கு, பொது மோட்டார் போன்றவற்றுக்காக கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய். வீடு சொந்தமாக இருக்க வேண்டும். மின் இணைப்பு இருக்க வேண்டும். இதற்கு முன் இதே காரியத்துக்கு மானியம் வாங்கியிருக்கக் கூடாது. முக்கியமான செய்தி: தகடு பொருத்தி, அதிகாரிகள் பார்வையிட்ட பிறகுதான் மானியம் வங்கிக் கணக்குக்கு வரும். முதலில் நம் கைப்பணம் போக வேண்டும்.

இந்த மானியத்தை வாங்குவது கூடும். இது பொதுமக்களின் பொருள். அதில் நமக்கும் பங்குண்டு. ஆனால் விதித்த நிபந்தனைக்கு உட்பட்டவருக்கே அந்தப் பங்கு. ஒப்பந்தங்களை நிறைவேற்றும்படி அல்-மாயிதா சூராவின் முதல் வசனத்திலேயே அல்லாஹுத் தஆலா கட்டளையிடுகிறான். பொய்யான தாள் கொடுத்துப் பெற்ற தொகை மானியமன்று. பொதுச்சொத்தில் செய்த மோசடி.

கைபர் போர் முடிந்து திரும்பும் வழியில் ஒரு பணியாளர் அம்பு பாய்ந்து இறந்தார். ஷஹீதுடைய பதவி கிடைத்ததென்று மக்கள் வாழ்த்தினார்கள். பெருமானார் (ஸல்) அவர்களோ அதை மறுத்து, பங்கிடும் முன் கனீமத்திலிருந்து அவர் எடுத்த போர்வை அவர் மீது நெருப்பாக எரிகிறது என்று அறிவித்தார்கள். அதைக் கேட்டதும் ஒரு மனிதர் பதறி, தாம் எடுத்து வைத்திருந்த செருப்பு வார் ஒன்றையோ இரண்டையோ கொண்டுவந்து ஒப்படைத்தார். அதுவும் நெருப்பு வாரே என்றார்கள் நபியவர்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் ஹதீஸ் இது. ஒரு செருப்பு வாருக்கே இந்த நிலை என்றால், 78,000 ரூபாய்க்கு என்ன சொல்வது?

சகோதரர்களே! இந்த அளவுகோலை நம் வீட்டு மின்கணக்கிலும் வைத்துப் பாருங்கள். 2016-ல் தமிழக அரசு வீடுகளுக்கு இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்றது. உடனே என்ன நடந்தது? வாப்பா பெயரில் ஒரு மீட்டர், மகன் பெயரில் ஒரு மீட்டர். அடுப்பு ஒன்று, குடும்பம் ஒன்று. எழுதிக்கொடுத்தது மட்டும் இரண்டு குடும்பம்! வீட்டு இணைப்பில் கடையை நடத்துவோர் உண்டு. கல்யாணப் பந்தலுக்குக் கம்பத்தில் கொக்கி போடுவோரும் உண்டு. அந்த வெளிச்சத்தில் நிக்காஹ் ஓதப்படுகிறது! வாடகைக்கு இருப்பவருக்குச் சேர வேண்டிய இலவச யூனிட்டைத் தன் கணக்கில் வைத்துக்கொண்டு, அவரிடம் யூனிட்டுக்கு இவ்வளவென்று கறக்கும் வீட்டுக்காரரும் இருக்கிறார். தஹஜ்ஜுத் தொழுதாலும் இந்தக் கணக்குத் தீராது. உரியவரிடம் திருப்பிக் கொடுத்துத்தான் தீர்க்க வேண்டும்.

கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள், அரசு அலுவல் முடிந்து சொந்தப் பேச்சு தொடங்கியதும் பைத்துல்மால் விளக்கை அணைத்துவிட்டுத் தம் சொந்த விளக்கை ஏற்றினார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் கூறுகின்றனர். விளக்கெண்ணெயில் எத்தனை காசு மிஞ்சியிருக்கும்? அவர்கள் அஞ்சியது காசுக்கல்ல, கேள்வி கணக்குக்கு!

இனிக் கடன் பற்றி. திட்டம் வந்தபோது ஈடில்லாத வங்கிக் கடனும் சேர்த்து அறிவிக்கப்பட்டது; வட்டி சுமார் 7 சதவிகிதம். குறைந்த வட்டியானாலும் வட்டி வட்டியே. அல்லாஹ் வியாபாரத்தை ஹலாலாக்கி, வட்டியை ஹராமாக்கினான். நல்ல காரியத்துக்கு என்பதால் அது ஆகுமானதாகி விடாது. கடன் வாங்கினால்தான் மானியம் என்ற நிபந்தனையும் இல்லை. கையில் உள்ளதற்கு ஏற்ப 1 கிலோவாட்டில் தொடங்கலாம். நல்ல வெயிலில் அது நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும்.

இயலாதவருக்கு வழி? இங்கேதான் ஜமாஅத்தின் கடமை வருகிறது. மஹல்லாவில் வசதியுள்ளோர் சேர்ந்து கர்ளுன் ஹஸனா நிதி ஒன்று வைக்கட்டும். 2 கிலோவாட் அமைக்கும் குடும்பத்துக்கு 60,000 ரூபாய் அழகிய கடன். மானியம் கணக்குக்கு வந்ததும் அதே 60,000 நிதிக்குத் திரும்பும். பிறகு அடுத்த வீட்டுக்குப் போகும். ஒரே பணம் தெருவில் பல கூரைகளை ஏறி இறங்கும். ஒரு காசு வட்டி இல்லை. அல்-பகராவின் 282-ம் வசனம் கற்பிக்கும்படி எழுத்தும் சாட்சியும் வேண்டும். ஜக்காத் பணத்தை இதில் கலக்க வேண்டாம். அது உரியவருக்கு உடைமையாகவே போய்ச்சேர வேண்டிய பொருள்.

தகடு வைக்க இயலாதவரும், வாடகை வீட்டில் இருப்பவரும் மனம் தளர வேண்டியதில்லை. மின்சாரத்தை உண்டாக்குவதை விட மிச்சப்படுத்துவது எளிது. பழைய மின்விசிறி சுமார் 75 வாட் இழுக்கும்; புதுவகை பி.எல்.டி.சி. விசிறிக்குச் சுமார் 30 வாட் போதும். நான்கு விசிறிகள் தினம் 15 மணி நேரம் சுழன்றால் இரு மாதத்தில் 270 யூனிட். புதியதில் 108 யூனிட். 60 வாட் குண்டு பல்பு தரும் வெளிச்சத்தை 9 வாட் எல்.இ.டி. தரும். மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் கீழ் அறையின் சூடு தணியும்.

இரவில் உறங்கப் போகும்போது விளக்கை அணைக்கும்படி நாயகம் (ஸல்) அவர்கள் ஏவினார்கள். எலி திரியை இழுத்து வீட்டைக் கொளுத்திவிடக் கூடாதே என்பதற்காக. அவர்கள் ஒரு முத்து அளவு தண்ணீரில் உளூ செய்தவர்கள். நம் பள்ளியிலோ குழாயைத் திறந்துவிட்டு ஊர்க்கதை பேசுகிறோம். மேலே தொட்டியை நிரப்ப மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது. வீண்விரயம் செய்வோரை ஷைத்தானின் சகோதரர்கள் என்று பனீ இஸ்ராயீல் சூராவின் 27-ம் வசனம் எச்சரிக்கிறது. விரயமாகும் பொருள் விலைக்கு வாங்கியதா, இலவசமாக வந்ததா என்று அவ்வசனம் பிரித்துப் பேசவில்லை. கூரையில் தகடு வந்த பிறகு ஆளில்லாத அறையில் விசிறி சுழன்றால், மானியம் பெற்றும் இஸ்ராஃபை விடவில்லை என்றே பொருள்.

தாய்மார்களே! வீட்டின் சுவிட்சுகள் பெரும்பாலும் உங்கள் கையில். மின் அட்டையை ஒருநாள் எடுத்துப் பாருங்கள். அதில் உள்ள பெயர் உண்மையா, இணைப்பு உண்மையா, பயன்பாடு அளவானதா? தவறிருந்தால் உங்கள் வீட்டு ஆண்களிடம் அன்போடு எடுத்துச் சொல்லுங்கள். பிள்ளைகள் படிக்கும் விளக்கு ஹலாலான வெளிச்சத்தைத் தரட்டும்.

யா அல்லாஹ்! எங்களுக்கு ஹலாலைக் கொண்டு ஹராமை விட்டும் போதுமாக்குவாயாக! பொதுச்சொத்தில் கை வைப்பதை விட்டும் எங்களைக் காப்பாயாக! எங்கள் இல்லங்களிலும் கப்ருகளிலும் ஒளியை நிரப்புவாயாக! ஆமீன்.