தான்றி மரத்துக் கணக்கு

சூதில் நாடிழந்த நளனை மீட்டது எண்ணத் தெரிந்த வித்தை. மகாபாரத வனபருவத்தில் மன்னன் இருதுபன்னன், நளன் ஓட்டிய தேர்ப் பயணத்தின் நடுவே ஒரு தான்றி மரத்தைப் பார்த்து, இரண்டு கிளைகளில் 2,095 காய் என்கிறான். நம்பாத நளன் மரத்தை வெட்டி எண்ணுகிறான்; கணக்குச் சரியாக இருக்கிறது. அந்த வித்தையை நளன் கற்றதும், அவனைப் பிடித்திருந்த கலி அவனை விட்டு நீங்கித் தான்றியிலேயே புகுந்துகொள்கிறான். (அக்காலத்தில் சூதுக்காயாக உருண்டதும் தான்றிக்காய்தான், கதைசொல்லி விவரமானவர்.) மகாபாரதத்தை ‘உப பாண்டவம்’ ஆக்கிய எஸ்.ராமகிருஷ்ணன் பிறந்த மல்லாங்கிணற்றில் இன்று ஒருவர் எக்செல் திறந்து ஐபிஎல் போட்டிக்குக் கணக்குப் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கணக்குத் தெரிந்துவிட்டால் சூதின் குற்றம் தீர்ந்துவிடுமா?

அந்த எக்செல் தாளையே முதலில் பார்ப்போம். ஓர் அணிக்கு நூற்றுக்கு 60 வாய்ப்பு என்று எழுதி, 0-க்கும் 1-க்கும் இடையே ஓர் எண்ணைக் குலுக்கிப் போடும் ‘ராண்ட்’ சூத்திரத்தை 10,000 வரிசைக்கு இழுத்துவிட்டால், ஏறத்தாழ 6,000 வரிசையில் எண் 0.60-க்குக் கீழே விழும், அதாவது அந்த அணி வெல்லும். வரிசை கூடக் கூட விடை 60-ஐ நெருங்கும். ஆனால் அந்த 60, பழைய ஸ்கோர்களிலிருந்தும் போட்டவருடைய மனத்திலிருந்தும் வந்தது. உண்மையில் அது 54 என்றால் கோடி வரிசை போட்டாலும் திருந்தாது. நளனுக்கு வெட்டி எண்ண மரம் இருந்தது. நாளைய ஆட்டமோ ஒரே ஒருமுறைதான் நடக்கும். பந்தயம் வாங்கும் புக்கி, ஜெயித்தால் ரூபாய்க்கு ஒரு பக்கம் 1.60, மறுபக்கம் 2.40 தருகிறார் எனில், அவற்றுக்குள் இருக்கும் வாய்ப்புகள் 62.5, 41.7, கூட்டினால் 104. நூற்றுக்கு மேல் நிற்பது அவருடைய வரும்படி. 60 சரியாகவே இருந்தாலும் 1.60-இல் கட்டிய ரூபாய்க்குச் சராசரியாக 96 காசுதான் திரும்பும்.

நுட்பம் தெரிந்த சிலர் புக்கியையும் வெல்கிறார்களே, அது திறமை ஆயிற்றே என்பார்கள். நீதிமன்றங்களும் அப்படிப் பிரித்திருக்கின்றன. ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகத் தடைச் சட்டத்திலிருந்து அவற்றை விலக்கியது. 2025-இன் மத்தியச் சட்டம் இந்தப் பேதம் பாராமல், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களையே தடுத்தது. வள்ளுவர் இதில் மத்தியச் சட்டத்தின் பக்கம். சூது அதிகாரத்தின் முதல் குறளிலேயே அவர் அஞ்சுவது தோல்விக்கு அல்ல, மீன் விழுங்கிய தூண்டிலைப் போன்ற வெற்றிக்கு. ஆகவே தாள் எவ்வளவு நன்றாக வெல்ல வைக்கிறதோ அவ்வளவுக்கு அவருடைய ஆட்சேபம் வலுக்கும். நளனும் வித்தை கற்றபின் ஆடித்தானே நாட்டை மீட்டான் என்று கேட்கலாம். மீட்டான், ஆனால் சூதில் தன் நாட்டை வென்றிருந்த தம்பி புட்கரனுக்கு உயிரும் பங்கும் கொடுத்து அனுப்பினான். வென்றதையெல்லாம் வைத்துக்கொள்ளும் உரிமையை அந்தக் கதை அவனுக்கே தரவில்லை.

இன்னொரு கேள்வி கனமானது. மழையை நம்பிப் பருத்தி போடும் கரிசல்காட்டு மானாவாரியும் பந்தயம்தானே? நிச்சயமின்மை இரண்டிலும் உண்டு. ஆனால் மழை பெய்தால் அடுத்த காட்டுக்காரருக்கும் பருத்தி வெடிக்கும், தவறினால் இருவருக்கும் நட்டம். பந்தயத்தில் ஜெயித்தவர் கைக்கு வரும் பணம், தோற்ற இன்னொருவரின் வீட்டிலிருந்துதான் வந்தாக வேண்டும்.