புகையா, பனியா?

மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் நோயில் உடலின் எதிர்ப்பாற்றலே மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பிழைகளின் மயலின் உறையைத் தாக்கிச் சிதைக்கிறது. உறை எங்கே அழிந்தது, எங்கே மீண்டும் வளர்கிறது என்பதை மூளையைத் திறக்காமல் அறிய எம்.ஆர்.ஐ. ஸ்கேனையே பெரிதும் நம்ப வேண்டியிருக்கிறது. திரையில் வண்ணப்படம் வந்ததும் மயலின் தெரிகிறது என்கிறோம். உண்மையில் தெரிகிறதா? நம் தருக்க நூலார் இதை அளவைக்குரிய கேள்வியாக எடுத்திருப்பார்கள்: இது காட்சியா, அனுமானமா? அனுமானம்தான் என்பது என் கட்சி. அப்படியானால் ஸ்கேனின் துல்லியத்தைக் கூட்டுவதென்றால், படத்தின் தெளிவைக் கூட்டுவதைவிட அந்த அனுமானத்தின் ஏதுவை, அதாவது அதற்கு ஆதாரமான அடையாளத்தை, பழுதின்றி நிறுவுவதே முதல் வேலை.

கருவி என்ன செய்கிறது என்று பார்த்தாலே இது விளங்கும். எம்.ஆர்.ஐ. படம் பெரும்பாலும் நீரிலுள்ள ஹைட்ரஜனிலிருந்து பிறப்பது. மயலினின் திடப்பொருளில் பெரும்பகுதி கொழுப்பு. அதன் சொந்த சமிக்ஞை ஒரு மில்லி விநாடிக்குள் மங்கிவிடுவதால் வழக்கமான ஸ்கேனில் அது அகப்படுவதில்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அலெக்ஸ் மெக்கே குழுவினர் 1994இல் ஒரு சுற்றுவழியை முன்வைத்தார்கள். உறையின் அடுக்குகளுக்கிடையே சிக்கிய நீரின் சமிக்ஞை ஏறத்தாழ 40 மில்லி விநாடிக்குள் மங்கும். இழைக்குள்ளும் வெளியேயும் இருக்கும் நீருடையது அதைவிட நீடிக்கும். மங்கும் வேகங்களைப் பிரித்தெடுத்தால், மொத்த நீரில் சிக்கிய நீரின் பங்கு இவ்வளவு என்று ஓர் எண் வரும். நீரை அளந்து உறையை உய்த்துணர்கிறோம். அந்தப் பிரிப்புக் கணக்கும் லேசானதன்று. சமிக்ஞையில் சிறிது இரைச்சல் கலந்தாலே விடை மாறும். அதை அடக்க, விடை இப்படித்தான் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சில நிபந்தனைகளை விதிக்க வேண்டியிருக்கிறது. இதற்குப் பிறகும் அந்தப் படத்தைக் காட்சி என்று அழைப்பது துணிச்சல்தான்.

மணிமேகலைக் காப்பியத்தின் 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் போலி ஏதுக்களை வகைப்படுத்துகிறார். தெரிவது ஆவியோ பனியோ என்ற ஐயம் தீராமலே, அதைப் புகையென்று கொண்டு நெருப்பு உண்டெனத் துணிவது அவற்றுள் ஒன்று. சாதிக்க வேண்டிய பொருள் உள்ள இடத்திலும் இல்லாத இடத்திலும் காணப்படும் ஏது அநைகாந்திகம் எனப்படும். மயலின் அளவீட்டின் சிக்கல்கள் பலவும் இந்த இரண்டுக்குள் அடங்கிவிடுகின்றன. காந்தமாக்கல் பரிமாற்றம் என்ற இன்னொரு முறையில் கிடைக்கும் எண் மயலின் அழிந்தாலும் குறையும். அழற்சியால் அவ்விடத்தில் நீர் கோத்தாலும் குறையும். சிதைந்த உறையின் துணுக்குகள் அப்புறப்படுத்தப்படும்வரை அவற்றுக்கிடையிலும் நீர் சிக்கியிருக்கும். அதனால் நீர்ப்பங்கு எண் செத்த உறையையும் உயிருள்ள உறையாகக் கணக்கில் சேர்க்கக்கூடும். படத்தை எவ்வளவு கூர்மையாக்கினாலும் இந்தப் பிழை தீராது. பனி தெளிவாகத் தெரிந்துவிட்டால் புகையாகிவிடுமா என்ன?

கண்ணால் காண்பதும் ஒளியிலிருந்து மூளை செய்யும் அனுமானம்தானே, பிறகு இந்தப் பாகுபாடு எதற்கு என்று கேட்கலாம். பாகுபாடு பிழை தீரும் விதத்தில் இருக்கிறது. தூரத்தில் கயிற்றைப் பாம்பென்று மயங்கியவர் கிட்டே போனால் மயக்கம் தீரும். நீர்ப்பங்கு எண்ணிடம் கிட்டே போக வழியில்லை. வேறொரு சான்றைக் கொண்டுதான் அதைச் சோதிக்க முடியும். அதே பல்கலைக்கழகத்தார் 2006இல் வெளியிட்ட ஆய்வு அத்தகையது. இறந்தோரின் மூளைத் துண்டுகளை ஸ்கேன் செய்து, பிறகு மயலினுக்குச் சாயமேற்றி ஒப்பிட்டார்கள். சாயத்தின் ஏற்ற இறக்கத்தில் சராசரியாக மூன்றில் இரண்டு பங்கை எண் விளக்கியது. நல்ல பொருத்தம்தான், ஆனால் மீதி ஒரு பங்கு சிறியதன்று. பதப்படுத்திய திசுவும் உயிருள்ள மூளையும் ஒன்றுமல்ல. சமிக்ஞை மங்குமுன்பே அதைப் பதியும் ‘மிகக் குறுகிய எதிரொலி நேர’ ஸ்கேன்கள் மயலினின் கொழுப்பையே நேராகப் பிடிக்கின்றனவே என்பது இதைவிட வலுவான மறுப்பு. அவை ஒரு படியைக் குறைக்கின்றன, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கும் நீண்டு நிற்கும் நீர்ச் சமிக்ஞையைக் கழிக்க வேண்டும். எஞ்சுவதில் மயலின் அல்லாத பெருமூலக்கூறுகளின் பங்கு எவ்வளவு என்ற ஐயமும் தொடரும்.

மருத்துவருக்கு இந்தத் தருக்கம் எதற்கு, எண் செயலுக்கு உதவினால் போதாதா என்பார்கள். பௌத்த தருக்கவாதி தர்மகீர்த்தியும் செயலில் ஏமாற்றாத அறிவையே பிரமாணம் என்றார். ஆகவே இதைத் தள்ளிவிட முடியாது. ஒரே எந்திரத்தில் ஒரே நோயாளியை ஆண்டுதோறும் ஒப்பிட, திரும்பத் திரும்ப ஒரே விடை தரும் எண் ஓரளவு பயன்படும். மயலினை மீட்கும் மருந்து என்று ஒன்றைச் சொல்லும்போதுதான் ஏமாற்றம் நுழையும். நீர்க்கோவை வடிந்ததால் எண் ஏறியதா, உறை வளர்ந்ததால் ஏறியதா? கிளமாஸ்டின் என்ற பழைய ஒவ்வாமை மருந்தை வைத்து, பார்வை நரம்பு பாதிக்கப்பட்ட 50 நோயாளிகளிடம் நடந்த சோதனை 2017இல் வெளியானது. அதில் முதன்மை அளவுகோல் ஸ்கேன் அன்று. கண்ணில் பட்ட காட்சிக்கு மூளையின் மின்துடிப்பு எழ எடுத்துக்கொள்ளும் தாமதம். அது சிறிதளவு குறைந்தது. அதே சோதனையின் ஸ்கேன்களில் நீர்ப்பங்கு எண்ணும் உயர்ந்ததை 2023இல் வெளிவந்த கட்டுரை காட்டியது. மின்துடிப்பை ஏமாற்றக்கூடிய காரணங்களும் நீர்ப்பங்கை ஏமாற்றக்கூடியவையும் பெரும்பாலும் வேறு வேறு. அதனால் இரண்டும் ஒரு திசையைக் காட்டும்போது, ஒற்றை ஸ்கேனின் தெளிவை இரட்டிப்பாக்குவதைவிட அதிகமாகவே அந்த அனுமானம் உறுதிப்படுகிறது.